ஓடிய கால்களுக்குச் சாட்சி



இன்று ஓர் ஓட்டப் போட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கியத் தொடரில் ஓட்டப் போட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். பேச்சு முடிவதற்குள் அதற்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். இப்படி எண்ணாகச் சொன்னால் தூரம் மனத்தில் பதியாது. சப்பிரகமுவ மாகாணத்தில் வாழ்பவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். அவிசாவளையில் புறப்பட்டு, எஹலியகொடையைத் தாண்டி, குருவிற்றையையும் தாண்டி, இரத்தினபுரி நகரத்தில் போய் நிற்பது ஏறக்குறைய அவ்வளவு தூரம். பஸ்ஸில் போனாலே இடுப்பு நோகும் பயணம் அது. அதைக் காலால் ஓடிக் கடப்பதுதான் மரதன்.

நான் சொல்லப்போகும் ஓட்டம் 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் ரொறன்ரோ மாநகரில் நடந்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறும் மரதன் ஓட்டம் அது. நமது நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் ரொறன்ரோ. ஆகவே அந்த நகரத்தின் பெயர் நமக்கு அந்நியமானதன்று.

அந்த ஆண்டு முதலாவதாக வந்தவர் கென்யாவைச் சேர்ந்த கெனத் முங்காரா. முன்னாளில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 9 நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதே நகரில் தொடர்ந்து நான்காவது ஆண்டாகப் பெற்ற வெற்றி அது. வேறொரு ஆண்டாக இருந்திருந்தால் அவரைப் பற்றி மட்டுமே பேச்சு இருந்திருக்கும். ஆனால் 2011ஆம் ஆண்டு ஓட்டத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது முதலாவதாக வந்தவருக்காக அல்ல. ஏறக்குறைய கடைசியாக வந்த ஒருவருக்காகவே.

முங்காரா ஓடி முடித்து ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது. கூட்டம் கலைந்துவிட்டது. முடிவுக்கோட்டருகே கட்டியிருந்த தடுப்புகளைப் பணியாளர்கள் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். விளம்பரப் பதாகைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்போது தலைப்பாகை கட்டி, நீண்ட வெண்தாடி காற்றில் அலைய, மெலிந்த கால்களோடு ஒரு முதியவர் வந்து சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 11 நிமிடம் 6 விநாடி. பெயர் பௌஜா சிங். வயது நூறு.

நூறு வயதில் ஒரு முழு மரதனை ஓடி முடித்த முதல் மனிதர் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கடைசித் திருப்பத்தில் வரும்போது, "இதை முடிப்பது மறுபடியும் கலியாணம் கட்டுவதைப் போல" என்ற பொருளில் அவர் சொன்னதாக, பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங் நிருபர்களிடம் தெரிவித்தார். நூறு வயது மனிதரின் வாயில் வந்த வேடிக்கைப் பேச்சு அது. ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை வேடிக்கையானதன்று.

பஞ்சாபில் ஜலந்தர் நகருக்கு அண்மையில் பியாஸ் என்ற சிறு கிராமம். அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் பௌஜா சிங். ஐந்து வயது வரை அவரால் நடக்க முடியவில்லை. கால்கள் அத்தனை மெலிவு. ஊர்ப் பிள்ளைகள் 'தடி' என்று பட்டம் சொல்லிக் கேலி செய்தார்களாம். வளர்ந்த பின் நிலத்தை உழுதார், மணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார். எழுத்து வாசனை அவருக்கு இல்லை. கடைசி வரை வாசிக்கவும் எழுதவும் தெரியாது. 1992இல் மனைவி இறந்தார். 1994இல் ஒரு விபத்தில் மகன் குல்தீப் கண்ணெதிரே இறந்தார். துக்கம் தாளாமல், இலண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் வந்து சேர்ந்தார். மொழி தெரியாத ஊர். பேசத் துணையில்லை. அந்தத் தனிமையில்தான் ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு, 89 வயதில், இலண்டன் மாநகரில் தமது முதல் மரதனை ஓடி முடித்தார். அதற்கு எடுத்தது 6 மணி 54 நிமிடம். 2003இல் இதே ரொறன்ரோவில் 5 மணி 40 நிமிடத்தில் ஓடினார்.

சிலர் துக்கத்தைப் பாட்டாக்குகிறார்கள். சிலர் கதையாக்குகிறார்கள். இவர் ஓட்டமாக்கினார்.

2011இன் மரதனுக்கு மூன்று நாட்களுக்கு முன்னரும் ஒன்று நடந்தது. ரொறன்ரோவில் நம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோப் பகுதியில் பேர்ச்மவுண்ட் மைதானம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரே நாளில் எட்டு ஓட்டங்களை அவர் ஓடினார். 100 மீற்றரை 23 விநாடி சொச்சத்தில் கடந்தார். 5,000 மீற்றரை ஓட 50 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தார். நூறு வயதுக்காரருக்கான அட்டவணையில் சில ஓட்டங்களுக்கு அதற்கு முன் பெயரே இருக்கவில்லை. அந்த வயதில் அதை ஓடிப் பார்த்தவர் எவருமில்லை.

நேயர்களே, இனித்தான் விஷயம்.

இத்தனையும் நடந்த பிறகு கின்னஸ் சாதனைப் புத்தகத்தார் ஒரு கேள்வி கேட்டார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே? பௌஜா சிங்கிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. அதில் பிறந்த திகதி 1911 ஏப்ரல் 1 என்று அச்சாகியிருந்தது. நூறாவது பிறந்த நாளுக்கு எலிசபெத் மகாராணியார் அனுப்பிய வாழ்த்து இருந்தது. 1911இல் அந்தப் பகுதியில் பிறப்புப் பதிவேடுகள் இருக்கவில்லை என்று இந்திய அரச அதிகாரிகள் எழுதிய கடிதமும் இருந்தது. இவை எதுவும் போதாது என்று விட்டார்கள். பிறந்த ஆண்டிலேயே எழுதப்பட்ட பத்திரம்தான் வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்று இல்லை. ஆகவே சாதனைப் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை.

அவருக்கு எங்கிருந்து பத்திரம் கிடைக்கும்? இந்தியா முழுவதிலும் பிறப்பைப் பதிவது கட்டாயம் என்று சட்டம் வந்ததே 1969இல்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில் பஞ்சாபின் ஒரு மண் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் எழுதி வைத்தார்கள்?

ஆனாலும் கின்னஸ்காரர்களின் பக்கத்து நியாயத்தையும் நாம் பார்க்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அஸர்பைஜான் நாட்டு ஷிராலி முஸ்லிமோவ் 1973இல் இறந்தபோது அவருக்கு 168 வயது என்று சோவியத் பத்திரிகைகள் எழுதின. அதை நம்ப ஆதாரம் இல்லை. சாதனைப் பட்டியல் வைத்திருப்பவன் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள திகதியும் யாரோ சொல்லி யாரோ எழுதியதுதானே என்று அவன் கேட்டால் அதில் குற்றமில்லை.

இந்த இடத்தில் என் மனம் ரொறன்ரோவை விட்டு நமது தோட்டங்களுக்குத் திரும்புகிறது. இந்தக் கேள்வியை நம்மவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். நம்மைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

எட்டியாந்தோட்டைப் பக்கத்திலோ, தெரணியகலையிலோ, பலாங்கொடையிலோ, இறக்குவானையிலோ ஒரு லயத்து வாசலில் குந்தியிருக்கும் பாட்டியிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். எண் வராது. கதை வரும். "பெரிய வெள்ளம் வந்திச்சே ஐயா, அப்ப நான் கைக்கொழந்த" என்பார். அது 1947. "ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டப்ப எங்க அண்ணன் பொறந்திச்சு" என்பார். அது 1942 ஏப்ரல். "மாவுப் பஞ்சத்துல மூத்தவள மொழுகாம இருந்தேன்" என்பார். அது 1973, 74. இந்தக் கணக்கில் பிழை குறைவு. வெள்ளத்தையும் பஞ்சத்தையும் யாரும் தப்பாக நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் வெள்ளத்துக்கென்று கட்டம் போட்டிருப்பதில்லை.

நமது முன்னோருக்குப் பத்திரமே இல்லாமல் போகவில்லை. பத்திரங்கள் தாராளமாக இருந்தன. மண்டபம் முகாமிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு இருந்தது. தோட்டம் மாறப் போனால் தன் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பெரட்டுக்களத்தில் நின்றவன் பெயர் செக்றோலில் இருந்தது. முழுப் பேரா, அரைப் பேரா என்று ஒவ்வொரு நாளும் எழுதினார்கள். எடுத்த கொழுந்தின் நிறைக்குக் கணக்கு இருந்தது. வெட்டிய றப்பர் பாலுக்குக் கணக்கு இருந்தது. கடனுக்குச் சாட்சி உண்டு, உழைப்புக்குச் சாட்சி உண்டு. அந்த உழைப்பாளி எங்கே, எப்போது பிறந்தான் என்பதற்குத்தான் பல வீடுகளில் சாட்சி இல்லை. இருந்தாலும், பிறப்புப் பத்திரத்தில் முத்தையா, செக்றோலில் முத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. ஒரே மனிதன் மூன்று பெயராகிவிடுகிறான்.

நாடு சுதந்திரம் அடைந்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்கு அத்தாட்சிப் பத்திரம் தேடி எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே வசித்தேன் என்று நிரூபிக்கச் சொன்னது. சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். எஞ்சியவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் ஒரு கப்பலில், தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்த கதையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலருடைய வீட்டுக் கதை அது.

சப்பிரகமுவவில் இன்னொரு துயரமும் சேர்ந்தது. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல் வந்தபோது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா ஓடினார்கள்? பெட்டியோடு பத்திரமும் எரிந்தது. மனிதர் மூட்டிய நெருப்புக்குத் தப்பியதை இயற்கையும் விடவில்லை. 2003 மே மாத வெள்ளமும் 2016 மே மாத மண்சரிவும் எத்தனையோ குடும்பங்களின் கடதாசிகளைச் சேற்றில் புதைத்துவிட்டன.

இப்போது ரொறன்ரோ முதியவரையும் நமது பாட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரிடமும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: பிறந்த பத்திரம் எங்கே? ஆனால் பத்திரம் இல்லை என்றதும் இருவருக்கும் நேர்ந்தது ஒன்றல்ல. பௌஜா சிங் இழந்தது ஒரு புத்தகத்தில் ஒரு வரி. அன்று இரவும் அவர் தமது ரொட்டியையும் பருப்பையும் சாப்பிட்டிருப்பார். மறுநாளும் அவருக்கு வீடு இருந்தது, நாடு இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தீபத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். நமது பாட்டன் இழந்தது வாக்கை, நாட்டை, தன் பிள்ளைகள் பிறக்கும் உரிமையை.

சாதனைப் புத்தகத்துக்குப் பொருந்திய கண்டிப்பு, ஒரு தேசத்துக்குப் பொருந்தாது. பரிசு கேட்டு வருபவனிடம் ஆதாரத்தை அவனே கொண்டு வர வேண்டும் என்று சொல்லலாம். பரிசு இல்லாமலும் மனிதன் வாழ்வான். பிறந்த மண்ணில் இருக்கக் கேட்பவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. அதிலும், பதிந்து வைக்க வேண்டியவர்கள் பதியாமல் விட்டுவிட்டு, பதிவில்லாத குற்றத்தை எழுதப் படிக்கத் தெரியாதவன் தலையில் சுமத்துவது என்ன நீதி? பேனா அவன் கையில் இருக்கவில்லையே.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதை உணர்ந்துகொண்டது எனலாம். 1964 ஒக்ரோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டன் பிறந்த கடதாசியைக் கேட்பதை விட்டு, வாழ்ந்த வாழ்வைச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. அதற்கு 55 ஆண்டுகள் பிடித்தன. மரதன்களில் இதுவே மிக நீண்டது. ஓடியவர்களில் பலர் முடிவுக்கோட்டைக் காணாமலே வழியில் விழுந்துவிட்டார்கள்.

இலக்கியத் தொடரில் இதை ஏன் பேசுகிறேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பதிவேடு கைவிட்டவர்களுக்கு மிஞ்சிய சாட்சி இலக்கியம்தான். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை. தம்மைத் தெரிவு செய்த மக்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்ணால் கண்டவர். அவர் தோட்டம் தோட்டமாக நடந்து நாட்டுப் பாடல்களைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். எழுதத் தெரியாத மக்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் போட்டு வைத்த கணக்கை அவர் ஏட்டில் ஏற்றினார். யார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள், எந்தக் கங்காணியிடம் அகப்பட்டார்கள், எந்த மலையில் யாரைப் புதைத்தார்கள் என்பதையெல்லாம் பாட்டுத்தான் காத்து வைத்திருந்தது. அந்தப் பாட்டுகளை நாம் ரசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அவை நமது பிறப்புப் பதிவேடு.

பௌஜா சிங்குக்கும் இப்படியொரு பேறு வாய்த்தது. சாதனைப் புத்தகம் ஏற்காதவரைக் கதைப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிம்ரன் ஜீத் சிங் என்ற எழுத்தாளர், ஐந்து வயது வரை நடக்க முடியாத அந்தச் சிறுவனின் கதையைக் குழந்தைகளுக்கான படக்கதையாக எழுதினார். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத மனிதரின் வாழ்க்கையைக் குழந்தைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். இதைவிடப் பெரிய பதிவு எது?

ஆனால் நேயர்களே, பாட்டும் கதையும் இருக்கின்றனவே என்று பத்திரத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள். இலக்கியம் பேசுகிறவன் சொல்ல வேண்டிய கடமை இது. பிள்ளை பிறந்தால் பதியுங்கள். பத்திரத்தில் பெயரின் எழுத்தை அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பிழையிருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்து லயத்துப் பாட்டிக்கும் வாசித்துச் சொல்லுங்கள். இன்றும் எத்தனையோ லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டு வரும் கடிதம் யார் கையிலோ தங்கிவிடுகிறது. முகவரி கேட்பது சலுகை கேட்பதாகாது. இருக்கிற மனிதர் இருக்கிறார் என்று எழுதி வைக்கச் சொல்லும் உரிமை அது.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்த வெள்ளத்தில் பிறந்தார், அப்பாயி எந்தத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தார், எந்த மலையில் முதன்முதல் பேர் போட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் காரியாலயமும் அதை ஏற்காமல் போகலாம். ஒரு நாள் ஓர் எழுத்தாளனுக்கு அது வேண்டியிருக்கும்.

பௌஜா சிங் 2013 பெப்ரவரியில் ஹொங்கொங்கில் 10 கிலோமீற்றர் ஓடி, போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்பும் நடையை விடவில்லை. 2025 ஜூலை 14ஆம் திகதி தமது சொந்தக் கிராமத்தருகே வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். அவர் பிறந்த நாளுக்கு ஆதாரம் கேட்ட உலகம், இறந்த நாளை மணிக்கணக்காகப் பதிந்து வைத்தது. வயது 114 என்றே பத்திரிகைகள் எழுதின. பத்திரம் காட்டு என்று அன்று எவரும் கேட்கவில்லை.

ரொறன்ரோ ஓட்டத்தின் பெறுபேற்றுப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் அவர் பெயருக்கு நேரே 8 மணி 11 நிமிடம் 6 விநாடி என்று எழுதியிருக்கிறது. ஓடியவருக்கு எத்தனை வயது என்பதைப் பற்றி வாதாடலாம். ஓடினார் என்பதை மாற்ற எவராலும் முடியாது. நமது பாட்டன் பாட்டிமார் எப்போது பிறந்தார்கள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் வெட்டிய பாதையும் நட்ட றப்பரும் நிரை பிடித்த தேயிலையும் மலைமேல் நிற்கின்றன. அவற்றை நட்ட கைகள் இங்கே இருந்தன என்பதற்கு வேறு பத்திரம் வேண்டியதில்லை.